சொறிக்கல்முனை வளைவில் நான் சொன்ன சொல்

நான் அவசரப்படுத்தியதால்தான் நீங்கள் காரை வேகமாக ஓட்டினீர்கள் என்று ஊரில் இன்னும் கதைக்கிறார்கள். அது பிழை. என் கணவரான உங்களை நான் ஒருநாளும் அவசரப்படுத்தியவள் அல்ல. அன்றைக்கு வளைவுக்குள் நுழையும்போது காரின் வேகமுள் இருபதில் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

இன்று காலையில் முன்வீட்டுக்காரர் வீதியில் நெல் காயப்போட்டார். வெயில் ஏற ஏற அந்த வாசம் வீட்டுக்குள் வந்தது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் ஓட்டுவீர்கள், நான் பக்கத்தில் இருந்து வேகமுள்ளைப் பார்த்துக்கொண்டு வருவேன். முப்பதைத் தாண்டினால் தொண்டையைச் செருமுவேன். "ஓம் மதர், குறைச்சிட்டன் மதர்" என்பீர்கள், நான் கொன்வென்ட்டில் படித்ததைக் குத்திக்காட்டி. "வளைவுக்குள்ள போய் பிரேக் மிதிக்கிறவனுக்கு லைசன் குடுத்தவனப் பிடிச்சு அடைக்கணும்" என்றும் சொல்வீர்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் காரை நிறுத்த முடிய வேண்டும். வீதி ஒடுங்கிவிட்டால், அதில் பாதித் தூரத்துக்குள். "மத்தப் பாதி எதிர வாறவன்ட." உங்கள் கணக்கு அது.

சூறாவளிக்கு அடுத்த வருஷம், சிறுபோக அறுவடைக் காலம். வயல் பார்க்கச் சொறிக்கல்முனைப் பக்கம் போனோம். வளைவில் கிடுகுவேலி எதிர்ப்பக்கத்தை மறைத்தது. வேலியோரமாக, நம் பக்கத்து வீதியில் நெல் பரப்பியிருந்தார்கள். எல்லாரும் அதன் மேல் ஓட்டிக்கொண்டுதான் போவார்கள். நீங்களும் அப்படித்தான் போவீர்கள் என்று நினைத்தேன். சூறாவளிக்குப் பிறகு ஊர் பட்ட பசி எனக்கு மறக்கவில்லை.

"நெல்லுக்கு மேலயா ஏத்தப் போறீங்க?" என்றேன்.

"மதர்…" என்று தொடங்கினீர்கள். கார் வலப்பக்கம் திரும்பியது. எதிரே உழவு மெஷின் இழுவைப் பெட்டியோடு வந்தது.

எனக்குக் கையில் ஒரு கீறல். அவ்வளவுதான்.

விசாரணையில் இருபது என்று சொன்னேன். உண்மைதான். முழு வீதிக்கு இருபது சரியான வேகம். என் சொல்தான் வீதியைப் பாதியாக்கியது. அதை மட்டும் நான் சொல்லவில்லை. நீங்கள் மௌத்தான பிறகு நான் இத்தாவில் வீட்டோடு இருந்தபோது, அந்த நெல்லைக் காயப்போட்ட பெண் வந்து, "என்ட நெல்லாலதானேக்கா" என்று அழுதாள். "இல்ல பிள்ள" என்றேன். அவளிடமும் மற்றதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் வீதியில் நெல் போடவே இல்லையாம்.

நம் பிள்ளைகளுக்கும் தெரியாது. உம்மா பிழை விடமாட்டா என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சோற்றில் கை வைக்கும் ஒவ்வொரு வேளையும் அந்தச் சொல் என் வாயில் இருக்கிறது. தொழுது அழுதும் போகவில்லை, இனிப் போகாது.

நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நீங்கள் நெல்லின் மேலேயே போயிருப்பீர்களா? கபுறுக் குழியில் இருந்து கடிதம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். ஓம் என்றாலும் இல்லை என்றாலும், உங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.