ஜட்கா குதிரையின் நிறம்

எப்பவும் சிரிச்சே என் வாயை அடைச்ச மல்லிகா அக்காவுக்கு,

நகரியில எல்லாரும் நல்லா இருக்கோம். உன் பொண்ணு தேவி திருப்பதியில நர்ஸ் வேலை பாக்குறா. ஞாயித்துக்கிழமை ஆனா இங்க வந்து, நேரா என் குதிரை அலமாரிகிட்டதான் நிப்பா. ஆமாக்கா, நான் இன்னும் பொம்மைக் குதிரைக்குப் பெயிண்ட் அடிச்சுக்கினுதான் இருக்கேன். சுடுதண்ணியில அதுங்க காலை முக்கி வளைச்சு, நிக்கிற குதிரையை ஓட வெக்கிறேன். ஊர் சிரிக்குது, சிரிக்கட்டும்.

எல்லாம் நீ ஆரம்பிச்சு வெச்சதுதானே? குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயி முதல் லீவுல வந்தப்ப, தங்கம் வரும்னு எல்லாரும் பெட்டியைச் சுத்தி நின்னாங்க. நீ எடுத்தது மூணு பிளாஸ்டிக் குதிரை! அந்த வீட்டுப் பசங்க விளையாடித் தூக்கிப் போட்டது. நரம்பு, குளம்பு எல்லாம் நிஜக் குதிரையாட்டமே இருந்துச்சு. நைனா தலையில அடிச்சுக்கினாரு.

"டேய் சேகரு, நீதான் சாயப்பட்டறைக்காரன் ஆச்சே. இதை நம்ம ஜட்கா வண்டிக் குதிரை கலருக்கு மாத்திக் குடுடா"ன்னு ஒண்ணை என் கையில வெச்ச. நீ ஊரை விட்டுப் போன அன்னிக்கு நம்மளை ஸ்டேஷனுக்கு ஏத்திக்கினு போன குதிரை அது. நாலு வயசு தேவி அதுக்குப் புல்லு குடுத்துக்கினே நின்னா, அந்த நேரத்துல நீ ரயில் ஏறிட்ட. "எம்பொண்ணு அன்னிக்கு அழாம இருந்தது அந்தக் குதிரையாலதான்டா"ன்னு சொன்ன.

பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன், பிடரிக்குப் புட்டிப் பசை அப்புனேன். அதுவரைக்கும் சரி. கலர் கலக்குறப்பதான் பட்டறைப் பழக்கம் என் காலை வாரிடுச்சு. ஈர நூலு அடர்த்தியாத் தெரியும், காஞ்சா வெளுத்துடும். அதனால பட்டறையில எப்பவும் ஒரு படி கூட்டித்தான் கலப்போம். அதே மாதிரி இதையும் கூட்டிட்டேன். இந்தப் பெயிண்டு தலைகீழு, காயக் காய இருண்டுடுது. செம்பழுப்புக் குதிரை, காலையில பாத்தா கருங்குதிரை.

"என்னடா இது, எருமைக்குப் பொறந்த குதிரையா?"ன்னு சிரிச்ச. எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "சாயத்துலயே ஊறுனவனுக்கு நீ கலர் சொல்லித் தர்றியா? பாலைவனத்துல உனக்குக் கண்ணு மங்கிடுச்சு"ன்னு கத்திட்டு, துன்னுக்கினு இருந்த சோத்தைத் தள்ளிட்டு எழுந்துட்டேன். தப்பு என்னுதுன்னு அப்பவே தெரியும்கா. கருங்குதிரையைத் தேவிகிட்ட குடுத்துட்டு, இன்னொண்ணைப் பெட்டியில வெச்சுக்கினு நீ குவைத்துக்குக் கிளம்பிட்ட.

அப்புறம் காய்ச்சல்னு சேதி வந்துச்சு. அதுக்கப்புறம் உன் உடம்பும் பெட்டியும்தான் வந்துச்சு. அந்தப் பெட்டியைத் திறக்க இத்தனை வருசமா எனக்கு மனசு வரல.

போன மாசம் தேவிதான் திறந்தா. புடவைக்குள்ள சுத்தி அந்தக் குதிரை. நீயே பெயிண்ட் அடிச்சிருக்க, அதுவும் நெயில் பாலிஷ்ல! பிளாஸ்டிக் அங்கங்க சுருங்கிப் போயி, கண்ணு ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ஆனா கலரு? அச்சு அசல் அதே செம்பழுப்பு, நெத்தியில அதே வெள்ளை. எத்தனை பாட்டில் கலந்து பாத்தியோ? அந்த வீட்டுல உனக்கு உக்கார நேரம் எப்படிக் கெடைச்சுது?

"மாமா, கொஞ்சம் சரி பண்ணிக் குடேன், ஷோகேஸ்ல வெச்சுக்கிறேன்"னா தேவி. உப்புத்தாளைக் கையில எடுத்துட்டேன். தேய்ச்சா உன் பிரஷ் போன தடம் போயிடுமேன்னு அப்பத்தான் உறைச்சுது. பொட்டுனு உக்காந்து அழுதுட்டேன்கா.

"உங்கம்மா சொன்னதுதான் சரி. நான்தான் கலரைத் தப்பாக் கலந்தேன்"னு முதமுதலா அவகிட்டச் சொன்னேன்.

"தெரியும் மாமா. அம்மா அப்பவே குவைத்துல இருந்து பூத்து போனுக்குப் பேசுறப்ப சொல்லுச்சு. மாமா கேட்டா உனக்குக் கருப்புக் குதிரைதான் புடிக்கும்னு சொல்லு, பாவம் அவன்னு. பர்வாலேது, இது இப்படியே இருக்கட்டும்."

இத்தனை வருசமா உன் பொண்ணும் எனக்காக அதையே சொல்லிக்கினு இருந்திருக்காக்கா.

மூணாவது குதிரை இன்னும் அலமாரியில வெறும் பிளாஸ்டிக்காதான் நிக்குது. உன் குதிரையைப் பக்கத்துல வெச்சுக்கினு அதுக்குக் கலர் கலக்கப் போறேன். காஞ்ச பிறகு சரியில்லன்னா, சரியில்லன்னு என் வாயாலயே சொல்லுவேன். உன் குதிரை மேல மட்டும் என் பிரஷ் படாது. இது சத்தியம்.

நீ ஜெயிச்சுட்டன்னு இப்பதான் ஒத்துக்கிற உன் தம்பி,
சேகரு