சோதிக்காமல் போட்ட கையெழுத்து

மகளே,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

அன்று உன் அலுவலகத் தோழிகள் முன்னால் உன்னைக் கேலி செய்தேன். "சாஃப்ட்வேரைக் குறையோட வெளிய விட்டுட்டு அப்புறம் ஒட்டுப் போடுறதெல்லாம் ஒரு வேலையாம்மா? லிஃப்டை அப்படி விட்டா ஆள் செத்துப்போவான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதனாலதாம்பா லிஃப்டை ஓட விடுறதுக்கு முன்னாடியே சோதனை. எங்க தப்பை மறுநாளே திருத்தி அனுப்பிடலாம். அதுவரைக்கும் தெரிஞ்ச குறையை மறைக்காம எழுதி வெச்சிடுவோம்" என்றாய். நான் பேச்சை மாற்றினேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு மருத்துவமனை லிஃப்டின் பிரேக்கை, முழு எடை ஏற்றிப் பார்க்காமலே 'சோதித்தாயிற்று' என்று கையெழுத்திட்டிருந்தேன். எடைக்கு மணல் மூட்டைகள் வரவில்லை. முப்பது வருடம் லிஃப்ட் சோதித்த காதுக்குச் சத்தம் கேட்டாலே தெரியும் என்ற திமிர். ஊருக்குத்தான் உபதேசம்.

இன்று காலை போய் மூட்டைகளை ஏற்றினேன். பிரேக் வழுக்கியது. இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. லிஃப்டை நிறுத்திவிட்டேன். என் உரிமம் போய்விடும்.

உன் தொழிலைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஒட்டு ஒட்டுதான். ஆனாலும் லிஃப்ட் கதவில் என் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்: 'பிரேக்கில் குறை உள்ளது. சோதிக்காமல் கையெழுத்திட்டவன் நான்.' கீழே என் பெயரையும் முழுதாக எழுதியிருக்கிறேன்.

உன் பிடிவாதக்கார அப்பா