தராசில் இறங்காத எடை

2014 மார்ச் 11, செவ்வாய்.

டொக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதிலிருந்து இவர் என்னோடு கால்வாய்க் கரையில் ஓடினார். இரண்டு மாதமாக அதை விட்டுவிட்டு, பாரம் தூக்கப் போவதாகச் சொல்லித் தனியே ஜிம்முக்குப் போகிறார். தராசில் ஒரு கிலோகூட இறங்கவில்லை. உண்மையில் ஜிம்முக்குத்தான் போகிறாரா? இன்று மாலை லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையம்வரை பின்னாலேயே போய், ஜிம் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். தனியாக நின்று, வியர்வை சொட்டச் சொட்டப் பாரம் தூக்கிக்கொண்டிருந்தார். எனக்கே வெட்கமாகிவிட்டது.

அவர் வீட்டுக்கு வந்ததும், எடை ஏன் குறையவில்லை என்று கேட்டேன்.

“கொழுப்புக் கரையக் கரையத் தசை ஏறுது. இஞ்சை பாரும், காற்சட்டை இடுப்பிலை நிக்குதில்லை.”

உண்மைதான். நாலு விரல் நுழையும்.

“அப்ப நாளைக்கு நானும் வரட்டே?”

இடுப்புப் பட்டியை அவிழ்த்து, திரும்ப இறுக்கிக் கட்டிய பிறகுதான் “ஓம்” என்றார்.

ஓம் சொல்ல ஏன் அவ்வளவு நேரம்?