தேசம்மாவின் தாடை வலி

டாக்டர்,

இன்று காலை ஓர் அம்மா ஏரியிலிருந்து நேராக நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். ஈரம் சொட்டும் பறியை, இறால் போடும் ஓலைக்கூடையை, வாசலில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். பனையோலையும் சேறும் இறாலும் கலந்த வாடை அறை முழுக்க நிறைந்தது. பழவேற்காட்டுக்கு வந்த புதிதில் இதே வாடைக்கு நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டது ஞாபகம் வந்தது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. நேரில் சொல்லாத ஒன்றை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

நீங்கள் கோயம்புத்தூர்ப் பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். நானோ இங்கேயே பிறந்து, இங்கேயே நர்ஸாக இருப்பவள். யாருக்கு எங்கே வலித்தாலும் காரணம் எனக்குத் தெரியும் என்ற மிதப்பு நிறையவே இருந்தது. பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும்போது பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள் என்று உங்களுக்குச் சொன்னதே நான்தான். "நாள் முழுக்கவாங்க்கா?" என்று வாயைப் பிளந்தீர்கள்.

அப்படி இறால் பிடிக்கும் தேசம்மா வந்த அன்று வெளியே நல்ல கூட்டம். "ஒடம்பே முடியல சிஸ்டர். இன்னான்னு சொல்லத் தெரில. தல வலிக்குது, கழுத்து புடிச்சிகிச்சு, சோறு எறங்கல. தாடையும் வலிக்குது" என்றாள். காய்ச்சல் இல்லை, பிரஷரும் சரியாக இருந்தது. அவள் தங்கை கல்யாணம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"கல்யாண அலைச்சல்தான். தாடை வலி பறி கடிக்கிற எல்லாருக்கும் வர்றதுதானே? ரெண்டு நாள் படுத்தா சரியாப்பூடும்" என்று உங்களைக் கேட்காமலே வலி மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அவளும் எழுந்துவிட்டாள்.

நீங்கள் அவளை மறுபடி உட்கார வைத்தீர்கள்.

"கடைசியா எப்பங்க தண்ணியில எறங்குனீங்க?"

"கல்யாணம்னு நின்னுட்டேன். எட்டு நாளாச்சு டாக்டர்."

"தாடை வலி?"

"முந்தாநேத்துலேர்ந்து."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "ஏனுங்க்கா, கடிக்கறப்ப வராத வலி, சும்மா இருக்கறப்ப எப்படிங்க வரும்?"

மரக்குச்சியால் அவள் தொண்டையைத் தொட்டீர்கள். யாராக இருந்தாலும் குமட்டுவார்கள். அவள் குச்சியைக் கடித்துக்கொண்டாள், விட முடியவில்லை. உடனே அவள் காலைத் தூக்கிப் பார்த்தீர்கள். குதிகாலில் சிப்பி ஓடு கிழித்த தழும்பு. "சுண்ணாம்பு வெச்சேன், ஆறிப்போச்சு" என்றாள் பல்லைக் கடித்தபடியே. ரணஜன்னி, டெட்டனஸ். அவள் கடைசியாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டது மகன் வயிற்றில் இருந்தபோது. அந்த மகன் இப்போது மீஞ்சூருக்கு வேலைக்குப் போகிறான். இந்த ஊரில் தடுப்பூசிக் கணக்கைப் பார்க்க வேண்டியவளும் நான்தான்.

ஆம்புலன்ஸில் சென்னை வரை நீங்களே கூடப் போனீர்கள். அந்த மாத்திரைக் கவரோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தால் மூச்சு நின்று செத்திருப்பாள். ஒரு மாதம் கழித்து உயிரோடு திரும்பி வந்தாள்.

"என்னால ஒரு உசிரு போயிருக்கும் டாக்டர்" என்று உங்கள் எதிரில் அழுதேன். "பறியைப் பத்தி நீங்க சொல்லலீன்னா எனக்கு அந்தக் கேள்வியே தோணியிருக்காதுங்க்கா" என்றீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்று உங்கள் மேல் கோபம்தான் வந்தது. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

இப்போது யார் வந்து "ஒடம்பு முடியல" என்றாலும், எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன வேலை, எதை நிறுத்தினாய் என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். இன்று வந்த அம்மாவிடமும் கேட்டேன். புதிதாக வரும் டாக்டர்களிடம் என் தவறை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

நீங்கள் இறந்துபோன சேதியைத் தேசம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். இறால் உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து கதறினாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே அவள் வாயைப் பார்த்தேன்.

நன்றாகத் திறக்கிறது, டாக்டர்.