பாலைவனப் பயணத்துக்கு ஒப்புக்குடுத்த பூசை

இயேசு மரி சூசை

மொன்றியல்
20.09.2007

என்ர அன்பு மகன் டனிஸ்ரனுக்கு,

அம்மா எழுதிறன். நீயும் றெபேக்காவும் குஞ்சு எமிலியும் மாதாவின்ர காவலில சுகமா இருப்பியள் எண்டு நம்பிறன், இருக்கவும் வேணும். எங்கட சுகத்தைக் கேட்டால் அப்பா இருக்கிறபடி இருக்கிறார், கிழமைக்கு மூண்டு நாள் ஆஸ்பத்திரி மெசினுக்குப் போய் இரத்தம் சுத்திகரிச்சுக்கொண்டு வந்து படுக்கிறார், நான் முந்தின கிழமை வரைக்கும் நல்ல சுகமாத்தான் இருந்தனான். போன் இருக்க என்னத்துக்குக் கடிதம் எண்டு யோசிப்பாய். போனில நான் ரெண்டு சொல்லுச் சொல்ல முதல் அம்மா மீற்றிங் இருக்கு பேந்து எடுக்கிறன் எண்டு வைச்சுப்போடுவாய், இல்லாட்டி எனக்கு அழுகை வந்திடும், அழுதால் அம்மா எல்லாத்துக்கும் அழுறா எண்டு சொல்லுவாய். கடிதத்தை இடையில வெட்டேலாது. கோவம் வந்தாலும் கடைசிவரைக்கும் வாசி.

இங்க குளிர் தொடங்கீட்டுது. ஜான்-டலோன் சந்தையில மிளகாய் பெட்டி பெட்டியா மலிஞ்சு கிடக்க வாங்கிக் காயவைச்சு உங்களுக்கெண்டு தூள் அடிச்சு வைச்சிருக்கிறன், புட்டுக்கு மா வறுத்தாச்சு, காரில கொறிச்சுக்கொண்டு போகத் தட்டைவடைக்குப் பருப்பும் வாங்கி வைச்சாச்சு. ஹோட்டல் அறையில சோறு காய்ச்ச ஒரு சின்ன றைஸ் குக்கரும் வாங்கினனான், வழியில விக்கிற அந்தப் பேர்கரும் பொரியலும் எமிலியின்ர வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது எண்டு நினைச்சு. எல்லாம் கட்டிலுக்குக் கீழ பெட்டியில கிடக்கு. வேலையில என்ர இந்த வருச லீவு முழுக்க ஒண்டாக் கேட்டு எடுத்தனான். லொங்குய்ய் கந்தோரில என்னோட நிலம் துடைக்கிற அந்த ஹெயிட்டிக்காரப் பெம்பிளை தான் என்ர மாடியையும் சேர்த்துப் பாக்கிறன் எண்டு சொல்லி, தன்ர வெயில் தொப்பியையும் கொண்டுவந்து தந்தவள். மேல்வீட்டுக் கிறேஸ் அன்ரி அப்பாவுக்கு உப்பில்லாமல் சமைச்சுக் குடுக்கவும் மெசினுக்குக் கூட்டிக்கொண்டு போகவும் ஓம் எண்டிட்டா. நோயாளி மனுசனை ஊராரிட்டை ஒப்படைச்சிட்டு வெளிக்கிட ஆயத்தமானனான், அதை நினைவில வைச்சுக்கொண்டு மிச்சத்தை வாசி.

ஆடி மாதம் நீதான் சொன்னாய், ஐப்பசியில லொஸ் ஏஞ்சல்ஸில எங்கட வீட்டில இருந்து கார் எடுத்துக்கொண்டு பாலைவனம் முழுக்கச் சுத்தப் போறம், அந்த நேரம் வாங்கோ அம்மா, ரிக்கற் நான் போடுறன் எண்டு. அப்பாவுக்குச் சொன்ன உடன அந்த மனுசன் படுத்திருந்த இடத்தால எழும்பீட்டார். தனக்கு வரேலாது எண்டு அவருக்குத் தெரியும், மெசினை விட்டிட்டு எங்க போறது. நீயாவது போய்ப் பார் செலீன், இந்த நாட்டுக்கு வந்து நிலத்துக்குக் கீழ மெற்றோவில போய் வந்ததைத் தவிர என்னத்தைக் கண்டனீ எண்டு கேட்டார். அடுத்த நாளே பெற்றோல் ஸ்ரேசனில ஒரு அமெரிக்கா மப் வாங்கிக் குசினிச் சுவரில ஒட்டினார். நீ ஞாயிற்றுக்கிழமைகளில போன் எடுக்கேக்க உன்னட்டைக் கேட்டுக் கேட்டு அதில சிவப்புப் பேனையால கோடு கீறினவர், அரிசோனாவால போய், நியூ மெக்சிக்கோவில வெள்ளை மணல் பாத்து, மேல திரும்பி, அந்தப் பெரிய பள்ளத்தாக்கால இறங்கி வாற றோட்டு முழுக்க. எந்த ஊரில பெற்றோல் அடிக்க வேணும், எந்த இடத்தில ஆளும் இல்லை வீடும் இல்லை எண்டு நீயும் சொல்லிக்கொண்டே இருந்தாய். உனக்கும் அது பிடிச்சிருந்தது. தேப்பனும் மகனும் அவ்வளவு நேரம் கதைச்சதை நான் கனகாலமாக் காணேல்லை. மெசினில படுத்திருக்கேக்கையும் அவருக்கு இதே கதைதான், அங்கத்தை நேர்ஸ் ஒருத்தி பாலைவனம் எண்டாலும் இரவில குளிரும் எண்டு சொல்லிப்போட்டாளாம், அதுக்காக என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கம்பளிச் சுவெற்றர் வாங்கித் தந்தார். முன்சீற்றில இரு, பின்னால இருந்தால் உனக்குத் தலை சுத்திச் சத்தி வரும் எண்டு எனக்கு ஒவ்வொரு நாளும் புத்திமதி.

இதுக்கு மேல நான் ஒரு வேலை பாத்தன். எங்கட ஆக்கள் நெடும்பயணம் வெளிக்கிட முதல் பூசை ஒப்புக்குடுக்கிறது உனக்குத் தெரியுந்தானே. நானும் சுவாமியிட்டைப் போய் ஒரு பூசைக்குக் குடுத்தன். அவர் முழுக் கோயிலும் கேட்க, திருமதி செலீன் அம்புறோஸ் அவர்களின் அமெரிக்கப் பாலைவனப் பயணம் ஆசீர்வதிக்கப்படவும் குடும்பத்தினர் அனைவரும் சுகமே திரும்பவும் எண்டு வாசிச்சார். பூசை முடிஞ்சு ஹோலில தேத்தண்ணி குடிக்கேக்க எல்லாரும் என்னைச் சுத்தி நிண்டிச்சினம். பாட்டுக் குழுவில பாடுற பற்றிக் அண்ணை, ஆண்டவரே பாலைவனத்தில பட்டினி கிடந்தவர், செலீனக்கா றைஸ் குக்கரோட போறா எண்டு பகிடி விட்டார். நானும் சிரிச்சன். அவ்வளவு சனத்துக்கு நடுவில என்ர பேர் ஒரு நல்ல விசயத்துக்கு வாசிச்சது கோயிலில உன்ர கலியாண ஓலை வாசிச்சதுக்குப் பிறகு அதுதான். அப்பா என்ர பையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டவர்.

ரெண்டு நாள் கழிச்சுச் செவ்வாய்க்கிழமை உன்ர மாமி மாக்கிரட் ரொறொன்ரோவில இருந்து எடுத்தா. அவவில ஒரு பிழையும் இல்லை, வடிவாத்தான் கதைச்சா. சம்பந்தி, நீங்கள் போய் எமிலியோட வீட்டில நிக்கிறது எவ்வளவு பெரிய உதவி, அவள் றெபேக்கா பிள்ளை பிறந்ததுக்குப் பிறகு ஒரு இடமும் போகேல்லை, இந்த ரெண்டு கிழமையாவது அதுகள் ரெண்டும் சிநேகிதரோட சோலி இல்லாமல் போட்டு வரட்டும், என்ர முழங்கால் சரியா இருந்தால் நானே போயிருப்பன் எண்டா. நான் ஓம் ஓம் எண்டன். வேற என்னத்தைச் சொல்ல. என்ர மகன் எனக்குச் சொல்லாததை சம்பந்திக்காரி சொல்லி நான் அறியிறன் எண்டு அவவுக்குக் காட்டேலுமே. போனை வைச்சுப்போட்டு அடுப்பில இருந்த கறியை இறக்கினன், இறக்கி வைச்சிட்டுக் கதிரையில இருந்திட்டன். அப்பா ஆரது எண்டு கேட்டார். மாக்கிரட், சுகம் விசாரிச்சவ எண்டு சொன்னன்.

பேந்து ஒவ்வொண்டா விளங்கிச்சுது. ஏன் நீ என்ர பிரஷர் எப்பிடி எண்டு கேட்டனீ, எமிலியைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவியளோ எண்டு கேட்டனீ, தொட்டிலை அம்மாவின்ர அறைக்கு மாத்தியாச்சு எண்டு சந்தோசமாச் சொன்னனீ. எனக்கு மண்டையில ஏறேல்லை. நான் பாலைவனத்தில நிண்டன். நீ பொய் சொல்லேல்லை எண்டு சொல்லுவாய், ஓம், சொல்லேல்லைத்தான். றோட்டைச் சொன்னாய், பாறையைச் சொன்னாய், எந்த ஊரில எந்த ஹோட்டல் எண்டும் சொன்னாய், அதில எங்கயும் எனக்குக் கட்டில் இல்லை எண்டதை மட்டும் சொல்லேல்லை. நீ ஒரு சொல்லு, அம்மா எமிலியைப் பாக்க ஆள் இல்லை வாங்கோ எண்டு கேட்டிருந்தால் நான் வரமாட்டனோ. ஓடி வந்திருப்பன். தொப்பியும் வேண்டாம் சுவெற்றரும் வேண்டாம், அவளை மடியில வைச்சுக்கொண்டு அந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பன், பெரிய புண்ணியம் எண்டு இருந்திருப்பன். என்ர பேத்தியைப் பாக்க எனக்கு லஞ்சம் தேவையில்லை. பிள்ளையள் பாக்கிற கார்டெறிக்கு ஆள் எடுக்கிறதெண்டால் கூட இன்ன வேலை இத்தனை மணித்தியாலம் எண்டு முகத்துக்கு நேர சொல்லித்தான் எடுப்பினம். பெத்த தாய்க்கு அதுகூடச் சொல்லேல்லை. எனக்கு நெஞ்சு கசந்துபோச்சு மகன், அதை வேற மாதிரி எழுத எனக்குத் தெரியேல்லை. பூசையும் ஒப்புக்குடுத்தாச்சு, அதைத் திருப்பி வாங்கேலாது, ஆண்டவர் அதை உங்கட காருக்கு எழுதட்டும்.

றெபேக்காவோட இதுக்குச் சண்டை பிடியாதை. அவள் பிள்ளை பெத்து உடம்பு தேறாமல் வேலைக்குப் போறவள், அவளுக்கு ஒரு ஆறுதல் வேணுந்தான், எனக்கும் அந்த வயசில ஆரும் தரேல்லை. அவளுக்குத் தெரியும் எண்டும் நான் நினைக்கேல்லை, எனக்கு எல்லாம் சொல்லியாச்சு எண்டு நீ அவளுக்குச் சொல்லியிருப்பாய். சின்னனிலயும் நீ இப்பிடித்தான், கணக்கில சைபர் வாங்கினால் வந்து சொல்லாமல் எனக்குக் கோப்பை கழுவித் தருவாய், நானாக் கண்டுபிடிக்கும்வரைக்கும் நல்ல பிள்ளையா இருப்பாய். அப்ப அதில எனக்குச் சிரிப்பு வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தாய். எனக்கு எல்லாம் தெரிஞ்ச பிறகு எடுத்த முதல் போன் அது. நான் கை ஈரம் எண்டு சொல்லி அப்பாவிட்டைக் குடுத்திட்டுக் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டன். அவர் சுவருக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளை மணல் வெயிலிலயும் சுடாதாமே, அப்ப அம்மா செருப்பைக் கழட்டிப்போட்டு நடக்கலாமோ எண்டு உன்னட்டைக் கேட்டார். நீ என்ன மறுமொழி சொன்னியோ எனக்குக் கேக்கேல்லை. அவர் என்னைத் திரும்பிப் பாத்து, நடக்கலாமாம் எண்டார்.

அதுக்குப் பிறகு நான் என்ன யோசிச்சனான் எண்டதையும் சொல்லிப்போடுறன். அப்பா என்னட்டைக் கேட்டது ஒண்டுதான், போற இடத்தில எல்லாம் போன் எடுத்துக் கண்டதைச் சொல்லு எண்டு. ஊர்ப் பேர் முழுக்க எனக்குப் பாடம். உன்ர குசினியில எமிலிக்குச் சோறு தீத்திக்கொண்டே, இண்டைக்கு வெள்ளை மணலில நடந்தனாங்கள், நாளைக்குப் பள்ளத்தாக்குக்குப் போறம், சரியான காத்து, சுவெற்றர் நல்லா உதவிச்சுது எண்டு அவருக்குச் சொல்லலாம். மனுசன் நம்புவார், சந்தோசப்படுவார், மெசினில இருந்து நேர்ஸுக்குச் சொல்லுவார். நீயும் வழியில இருந்து எடுத்து அம்மா நித்திரை எண்டு சொல்லிச் சமாளிச்சிருப்பாய். ரெண்டு மூண்டு நாள் இதுதான் நல்ல வழி எண்டுகூட இருந்தனான். ஆனால் ஏலாது. அந்த மனுசன் இண்டைக்கு நடக்கிறதுக்குக் குசினிச் சுவர் மட்டும்தான் கிடக்கு, அங்கயும் நான் பொய்யைக் கொண்டுபோய் வைக்க மாட்டன். நீ விட்டதை மூடிக்கட்டிற வேலையையும் என்ர தலையில போடாதை.

ரிக்கற்றை நான் வெட்டேல்லை. சொன்ன நாளில வருவன், தூளும் மாவும் கொண்டு வருவன். நீங்கள் காரில எனக்கும் எமிலிக்கும் இடம் விட்டால் நாங்கள் ரெண்டு பேரும் ஏறி இருப்பம், அவளை நான் வழி முழுக்கப் பாப்பன், உங்களுக்கும் உங்கட சிநேகிதருக்கும் ஒரு கரைச்சலும் இராது. இடம் இல்லை எண்டால் வீட்டில நிண்டு பாப்பன், என்ர பிள்ளையின்ர பிள்ளை, அவளில எனக்கு என்ன கோவம். எது எண்டு நீயே தீர்மானி, நான் கெஞ்ச மாட்டன். ஆனால் எதுவாயிருந்தாலும் அப்பாவுக்கு நீதான் சொல்ல வேணும். றெபேக்கா சொல்லக்கூடாது, மாமியைக்கொண்டு சொல்லுவிக்கக்கூடாது, அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையோ எண்டு என்னில சுத்தியும் விடக்கூடாது.

எமிலிக்கு இருமல் எண்டு சொன்னனீ, இரவில நெஞ்சில கொஞ்சம் விக்ஸ் பூசி காலுக்குச் சொக்ஸ் போட்டு விடு, குளிர்ப் பால் குடுக்கவேண்டாம். நீயும் கார் ஓட்டேக்க நித்திரை வந்தால் ஓரமா நிப்பாட்டிப் படு, வீரம் காட்டாதை. மாதா உங்கள் மூண்டு பேரையும் தன்ர போர்வைக்குள்ள வைச்சுக் காப்பாத்தட்டும், இங்க இருந்தே உங்கட நெத்தியில சிலுவை போட்டு விடுறன். இந்தக் கடிதம் வாற ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் உன்ர கைக்கு வராது, அதுக்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டாயம் வந்திருக்கும். அண்டைக்கு நாங்கள் பூசை முடிஞ்சு நேர வீட்டை வந்திடுவம். போன் அடிச்சால் நான் எடுக்க மாட்டன், அப்பாதான் எடுப்பார்.

உன்னைப் பெத்த
அம்மா
செலீன்