எழுதாமல் விட்ட ஆந்தை

இன்று சாயங்காலம் அடுப்புச் சாம்பலை அள்ளும்போது பென்சில் நீளத்துக்கு ஒரு கரித்துண்டு வந்தது. உடனே உன் ஞாபகம். ஒரு கரித்துண்டைக்கூட நிம்மதியாகத் தூக்கி எறிய முடியாதபடி செய்துவிட்டுப் போயிருக்கிறாய்.

ராயபுரத்தில் உனக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தது ஒரு குற்றமா? எனக்கு இருந்தது ஒரு பூவரசு, ஒரு முருங்கை, நாலு கனகாம்பரம். அதைத் தோட்டம் என்று சொன்ன ஒரே ஆள் நீதான். பால் கணக்கு எழுதுகிற பின்சுவரில், அங்கே வருகிற பூச்சி, பறவை எல்லாவற்றையும் கரியால் எழுதச் சொல்லி உயிரை வாங்கினாய். ரேஷன் கடை வரிசையிலும் அதே பேச்சு.

"இன்னாமே, இன்னிக்கு இன்னா வந்துச்சு?"

"காக்கா."

"இன்னா காக்கா? கழுத்து சாம்பலா, முழுக் கறுப்பா?"

"காக்கான்னா காக்காதான். ஆள வுடுமே!"

நீ விட்டால்தானே. "பேர் தெரியலன்னா தெரியலன்னு எழுது. பார்த்தத எழுது, போதும்" என்பாய். காயவைத்த நெத்திலிக்குக் கீரி வந்த அன்று, துரத்தாமல் எழுதிக்கொண்டு நின்றேன். மீன் போயிற்று. நீ கைதட்டினாய்.

உன் நச்சரிப்பில் தெருவே எழுதியது. ஆனால் ஒரு சுவரிலும் ஆந்தை இல்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அது என் பூவரசில் வந்து உட்காருவது எல்லோருக்கும் தெரியும். எழுதினால் வீட்டில் சாவு விழும் என்று பயம். சுவர் சுவராகப் பார்த்துவிட்டு நீ கத்தினாய்: "பார்த்தத எழுதச் சொன்னா, புடிச்சத எழுதிக்கினு கீறீங்களே!"

அப்புறம் நீ காய்ச்சலில் படுத்தாய். ஆந்தைமேல் கல்லெறிந்தார்கள். மரத்தையே வெட்டு என்றார்கள். நீயோ ஜன்னல் வழியாக, "எழுதினியாமே?" என்று கேட்டாய். உனக்கு அறிவிருந்ததா? நீ கிடந்த கிடையில் என் கையால் அதை எப்படி எழுதுவேன்? "நீ எழுந்து வா, எழுதறேன்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நான் எழுதவில்லை. அப்படியும் நீ போய்விட்டாய்.

மரத்தை வெட்ட விடவில்லை. இன்றும் ஆந்தை வந்தது. அந்தக் கரித்துண்டாலேயே சுவரில் எழுதினேன். உன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா எழுதிக்கினு கீற?"

"ஆந்தை. உன் வூட்டாண்ட இன்னா வந்துச்சு?"

"காக்கா."

எனக்கு வந்ததே கோபம்!

"இன்னா காக்கா?" என்று கேட்டேன்.