சம்பந்தி வீட்டுக் கணினியும் நம் வீட்டுக் கணினியும்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதை உன் மாமனார் சொல்லித் தெரிந்துகொண்டேன், உனக்கு இருமல் வந்து போன சங்கதியும் அவர் வாயால்தான் கேட்டேன், இருக்கட்டும். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். முன்னறையில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் வேலை எப்போதும்போல் நடக்கிறது என்று எழுத ஆசைதான், ஆனால் போன வாரம் முழுக்கப் படுத்துவிட்டது. அதற்குக் காரணம் நான்தான் என்று அம்மா சொல்கிறாள், உன் மாமனார்தான் என்று நான் சொல்கிறேன்.

போன மாதம் சம்பந்தி வந்திருந்தார். மருமக அங்க உக்காந்துக்கிட்டே என் கம்ப்யூட்டர்ல புது சிஸ்டம் ஏத்திக் குடுத்துட்டா, சாயங்காலம் பூரா போன்ல பேசிக்கிட்டே செஞ்சா, நான் சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன், திரையில அம்பு தானா ஓடுது என்று டீயை ஆறவிட்டு ஆறவிட்டுச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது, உன்னிடம் மறைப்பானேன். என்னிடம் மட்டும் பழசே போதும்ப்பா, கைய வெக்காதீங்க என்று சொன்னவள் நீ. அவருக்குப் புதுசு, எனக்குப் பழசா என்று ரோஷம் வந்துவிட்டது. நம் மெஷினில் இருந்த மதர்போர்டு புது சிஸ்டத்துக்குத் தாங்காது என்றார்கள், உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதையே மாற்றிவிட்டு, சிஸ்டத்தை நானே ஏற்றினேன்.

ஏற்றியதும் ஒவ்வொன்றாகக் காலை வாரிவிட்டது. இணையம் இல்லை, சத்தம் இல்லை, பிரிண்டரை யாரென்றே தெரியாது என்றது. மெக்கானிக்கைக் கேட்டால், டிரைவர் இல்ல சார், அந்தந்தப் பாகத்த ஓட்டுற சாப்ட்வேர், நெட்ல இருந்து எறக்கிப் போடுங்க என்று போனை வைத்துவிட்டார். நெட் வருவதற்கான டிரைவரை நெட் இல்லாமல் எப்படி இறக்குவது, என்னிடம் இருப்பதோ பட்டன் போன். சம்பந்தி வீட்டுல நெட் இருக்கே என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுப் படியேறினேன். அவர் கணினியைத் திறந்தால் நீ வரிசையாக அடுக்கி வைத்த ஃபோல்டர்கள். மாமா மருந்து, மாமா பாட்டு, மாமா இதைத் தொட வேண்டாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். நம் வீட்டில் இருப்பதெல்லாம் நியூ ஃபோல்டர்தான், எதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

டிரைவரை அங்கே இறக்கிக் கொண்டுவந்து போட்டதும் இணையம் வந்தது, சத்தமும் வந்தது. பிரிண்டர்தான் படுத்தி எடுத்தது. அதுவாகத் தேடிப் போட்டுக்கொண்ட டிரைவர் எதையும் பாதி கீழே தள்ளி அடித்தது, கேக்கின் பெயர் ஒரு ஸ்டிக்கரில், தேதி அடுத்த ஸ்டிக்கரில். ஸ்டிக்கர் வாங்கிப் போன பேக்கரிக்காரர் பார்க்காமல் ஒட்டிவிட்டு வந்து, சார், பேரிருந்தா தேதியில்ல, தேதியிருந்தா பேரில்ல, ஜனங்க என்னைத்தான் திட்டுறாங்க என்றார். பிரிண்டரோடு வந்த பழைய டிரைவரையே, பழைய சிஸ்டத்தில் ஓடுவதுபோல ஓட்டும்படி மாற்றிப் போட்ட பிறகு ஒழுங்காக அடிக்கிறது. நானே செய்தேன், யாரும் பேசிக்கொண்டே செய்து கொடுக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. திரையின் மூலையில் ஆக்டிவேட் செய்யவும் என்று ஒரு வாசகம் அழியாமல் நிற்கிறது. மெக்கானிக் நேரில் வந்து பார்த்தார். போர்டு மாறுனதால இது வேற மெஷின்னு நெனைக்குது சார், உரிமம் உங்க பொண்ணு கணக்குல இருக்கு, அவங்க போனுக்கு ஒரு கோடு நம்பர் போகும், அதைப் போட்டு உள்ள போய், மெஷின் இதுதான், பாகம்தான் மாறிருக்குன்னு சொல்லணும், இல்லன்னா அவங்க கணக்கை எடுத்துட்டு உங்க பேர்லயே புதுசா போட்டுத் தர்றேன், யாரையும் கேக்க வேணாம் என்றார். அம்மாவும் சரி போடுங்க என்றாள். நான் கைவைக்க விடவில்லை. நீ கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து போட்டுக் கொடுத்த கணக்கு அது. காலையில் திறந்ததும் உன் பேர்தான் வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். உன் சைக்கிள் அத்தை வீட்டுக்குப் போயாயிற்று, உன் மேஜையில் அட்டைப்பெட்டி அடுக்கியாயிற்று. இதையும் எடுத்துவிட்டால் இந்த வீட்டில் உன் பேரில் வேறு என்ன இருக்கிறது சொல். சம்பந்தியின் கணினியில் அவர் பேர்தான் வருகிறது, அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். மறக்காமல் ஒன்று, கோடு வந்தால் மெசேஜில் தட்டிவிட்டுப் போய்விடாதே. போன் போட்டு ஒவ்வொரு எண்ணாகச் சொல், நான் மெதுவாகத்தான் அடிப்பேன், கோடு காலாவதியானால் இன்னொன்று வரவழைத்துத் திரும்பவும் சொல்.

இப்படிக்கு,
உன் சொந்த அப்பா